புதுமை யார் பொருட்டு?

சுஷி உணவகத்தின் பரிமாறும் மேடையருகே வந்து அமர்கின்றவர் 'ஒமக்காசே' என்று ஒரு சொல் சொல்வதுண்டு. 'உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகின்றேன்' என்பது அந்த ஜப்பானியச் சொல்லின் பொருள். அதன்பின் உணவுப் பட்டியலுக்கு வேலை இல்லை. எதிரே நிற்கும் சமையல் வல்லுநர் எதைப் பிடித்து வைக்கின்றாரோ அதை உண்பதே விருந்தினரின் பங்கு. காசு கொடுத்து உண்ணுமிடத்தில் தன் விருப்பத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுதல் வியப்புக்குரிய செயலே. மாநகர்களில் புதுமைக்குப் பெயர் பெற்ற சுஷி உணவகங்கள் பல இந்த ஒரு சொல்லை நம்பியே நடைபெறுகின்றன. சோறும் மீனும் பழைய முறைப்படியே வருமாயின் இதனால் பெரிய சிக்கல் ஏதும் இல்லை. வல்லுநர் தம் கற்பனையைக் கட்டவிழ்த்துவிடும்போதுதான் கேள்வி பிறக்கின்றது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நம்பிக்கையைக் கொண்டு அவர் என்னவெல்லாம் செய்யலாம்?

முதலில் எழுவது மரபின் பெயரால் வரும் முறையீடு. 2006ஆம் ஆண்டில் ஜப்பானிய வேளாண்மை அமைச்சு, வெளிநாடுகளில் உள்ள ஜப்பானிய உணவகங்களுள் உண்மையானவை எவை என்று சான்று வழங்க முற்பட்டது. அமெரிக்கச் செய்தித்தாள்கள் அதனைச் 'சுஷிப் போலீஸ்' என்று எள்ளி நகையாடின. திட்டமும் பின்னர்த் தன் வேகம் தணிந்தது. அவ்வெள்ளல் தகாதது எனச் சொல்வதற்கில்லை. ஏனெனில் எந்தச் சுஷியை உண்மையானது என்பது? பழங்காலத்தில் உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்துப் பல மாதம் புளிக்க வைத்தனர். பின்பு சோற்றை எறிந்துவிட்டு மீனை மட்டும் உண்டனர். பீவா ஏரிப் பகுதியில் அத்தகைய புளித்த மீன் இன்றும் ஆக்கப்படுகின்றது. காடி கலந்த சோற்றைக் கையால் பிடித்து அதன்மேல் மீன் துண்டை வைக்கும் முறை, 1820களில் எடோ நகரில் ஹானாயா யோஹெய் என்பவரால் பரவியதாகக் கருதப்படுகின்றது. எடோ என்பது இன்றைய தோக்கியோ. அவசரத்தில் இருந்த நகர மக்களுக்கு அது தெருக்கடைத் தீனி. இன்று பெருவிலை பெறும் சூரை மீனின் கொழுத்த வயிற்றுப் பகுதியை அக்காலத்தவர் இழிவாக எண்ணி ஒதுக்கினர். 1960களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஜப்பானியர் பகுதியில், கொழுத்த சூரை கிடைக்காத குறைக்கு அவகாடோ பழத்தைச் சுருட்டி வைத்தனர் என்பர். (வான்கூவர் நகர வல்லுநர் ஒருவரும் அச்சுருளுக்கு உரிமை கோருகின்றார். பாட்டுக்கு உரிமை கோருவோரைப் போலச் சுஷிக்கும் உளர்!) ஆகவே, முன்னோர் செய்தது இது அன்று என்று கூறிப் புதுமையைத் தள்ளிவிட முடியாது.

ஆயினும், மரபு மாறியே வந்தது என்பதனால் எம்மாற்றமும் தகும் என்றாகிவிடுமா? புதுமையை ஆதரிப்போர் பலர் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர்.

நோபு மாட்சுஹிசா என்னும் சமையல் வல்லுநர் பெரு நாட்டில் பணியாற்றியபின் 1987இல் பெவர்லி ஹில்ஸ் நகரில் தம் உணவகத்தைத் திறந்தார். அங்கு வந்த பெண்மணி ஒருவர், பச்சை மீன் தமக்கு ஒவ்வாது என்று தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். மெல்லிதாக நறுக்கி அடுக்கிய நல்ல மீன். வீணாக்க மனம் வரவில்லை. மாட்சுஹிசா எண்ணெயைச் சூடேற்றி அத்துண்டுகளின் மேல் ஊற்றினார். மேற்பரப்பு மட்டும் சற்றே வெந்தது. உள்ளே மீன் மீனாகவே இருந்தது. பெண்மணி மிச்சமின்றி உண்டார். பின்னாளில் உலகெங்கும் பின்பற்றப்பட்ட ஓர் உணவு வகை இவ்வாறு தோன்றியதாக அவரே கூறியுள்ளார். இதில் கவனிக்கத்தக்கது எண்ணெய் அன்று. எதிரே ஒருவர் உண்ண இயலாமல் இருக்கின்றார். அவரையும் பந்தியில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர் கை நீட்டுகின்றார். அந்த நீட்டலில் பிறந்தது புதுமை.

சுஷியின்மேல் பொன் தகடு ஒட்டிப் பரிமாறும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொன்னுக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. நாவுக்கு ஒன்றும் தராத அது விலைச்சீட்டுக்கும் புகைப்படத்துக்கும் மட்டுமே பயன்படுகின்றது. விருந்தினர் அங்கே உண்பவராக இல்லை; சாட்சியாக ஆக்கப்படுகின்றார்.

வியப்பூட்டுவதும் ஒரு கொடை ஆகாதா என வினவலாம். ஆகும். பழகிய சுவையையே மீண்டும் கேட்பவர் 'ஒமக்காசே' என்று சொல்ல வேண்டியதே இல்லை. தாம் அறியாத இடத்துக்கு அழைத்துச் செல்லப்படவே அவர் தம்மை ஒப்படைக்கின்றார். அழைத்துச் செல்பவர் பின்னால் வருபவரைத் திரும்பிப் பார்க்கின்றாரா என்பதே கேள்வி. மரபில் ஊன்றியவராகப் புகழ்பெற்ற ஜீரோ ஓனோ, விருந்தினர் இடக்கைப் பழக்கமுடையவர் எனக் கண்டால் சுஷியை அக்கைக்கு வாய்ப்பாகத் திருப்பி வைப்பார் என்பதை 2011இல் வெளிவந்த ஆவணப்படம் காட்டுகின்றது. மாட்சுஹிசாவின் சூடான எண்ணெயும் ஓனோவின் இந்தச் சிறு திருப்பமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று புதுமை, மற்றொன்று மரபு என்று வேலி கட்டுவது அவ்விருவருக்கும் பொருந்தாது.

இதுவரை இருவரைப் பற்றியே பேசப்பட்டது. மேடையில் மூன்றாவதாக ஓர் உயிர் கிடக்கின்றது. 2019 சனவரியில் தோக்கியோவின் தொயோசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடி யென்னுக்கும் மேலான விலைக்கு ஏலம் போயிற்று. அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை 2011இல் அழியும் ஆபத்துக்குட்பட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. பிடிக்கும் அளவைக் கட்டுப்படுத்தியபின் 2021இல் அது அந்நிலையிலிருந்து மீண்டது. அதே ஆண்டு மறு மதிப்பீட்டிலும் தென்கடல் இனம் ஆபத்து நீங்காததாகவே குறிக்கப்பட்டது.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1982இல் ஒரு தாய் தொடங்கிய 'மியாஸ்' உணவகத்தை அவர் மகன் பன் லாய் பின்னர் வேறு திசையில் நடத்தினார். அருகிவரும் மீன்களை விலக்கினார். அயலிலிருந்து வந்து உள்ளூர் நீர்நிலைகளைக் கெடுக்கும் நண்டையும் சிங்கமீனையும் சுஷியாக்கினார். 2020இல் அவ்வுணவகம் மூடப்பட்டது. அது எழுப்பிய வினா மூடப்படவில்லை. சூரையை நாடி வந்தவருக்குக் களைபோல் பெருகிய நண்டைப் பரிமாறுவது நம்பிக்கைத் துரோகமா? மறைத்துச் செய்திருந்தால் ஆம் எனலாம். அவரோ தம் நோக்கத்தை ஊரறியச் சொல்லியே செய்தார். தேர்வை ஒப்படைத்தவர், அத்தேர்வில் அடங்கிய கடலின் கணக்கையும் சேர்த்தே ஒப்படைக்கின்றார். அதை அவர் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்; பன் லாய் நினைத்துப் பார்த்தார்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாம் வல்லுநர் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் உண்பவர் கை கழுவிக்கொள்ளலாமா? நாவை ஒப்படைக்கலாம், பசியை ஒப்படைக்கலாம். உண்ட பின் 'அவர்தாமே வைத்தார்' என்று கூறும் உரிமையை அச்சொல் தருவதில்லை. ஒப்படைத்ததும் ஒரு செயலே. யாரிடம் ஒப்படைப்பது என்பது அவர் செய்த தேர்வே. மேடையருகே அமர்ந்தவர், 'ஒமக்காசே' என்பதற்கு முன்பே, 'இன்றைய மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது?' என்று கேட்க இடமுண்டு. கேட்டால், கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து பார்த்து விடை சொல்லத்தான் வேண்டும்.