யார் செய்த பாவம்?

மருதமுனையில் கைத்தறி நெய்வதைப் பார்த்திருப்பீர்கள். எந்த இழையை உயர்த்துவது, எதைத் தாழ்த்துவது என்ற தேர்விலேதான் சேலையின் கோலம் பிறக்கிறது. நம் உடற் கலங்களுக்குள்ளும் இத்தகைய தேர்வு இடைவிடாது நடக்கிறது.

1985ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆரன் குளூக் என்னும் அறிஞர் தவளையின் புரதமொன்றில் ஓர் அமைப்பை இனங்கண்டார். ஏறக்குறைய 30 அமினோ அமிலங்கள், கூரைத் தகரத்துக்குப் பூசும் அதே நாகத்தின் ஓர் அணுவைச் சுற்றி மடிந்து, விரல்போல் நிற்கின்றன. பரம்பரை அலகுகளுள் எது இயங்குவது, எது அடங்குவது என்பதை இந்த ‘நாக விரல்’ புரதங்கள் பல தீர்மானிக்க உதவுகின்றன.

அவற்றுள் ஒன்று பி.சி.எல்.11ஏ. கருவிலிருக்கும் குழந்தைக்குரிய ஈமோகுளோபினைப் பிறந்த பின் அடக்கிவைப்பது அதன் வேலை. வளர்ந்தோருக்குரிய ஈமோகுளோபின் அப்போது இடத்தை நிரப்பும். தலசீமியா நோயுள்ள குழந்தைக்கோ அது சரிவர உருவாவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியே அப்பிள்ளை வாழவேண்டும்.

கல்முனைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி மரபு உண்டு. மச்சான் மச்சாள் உறவில் மணம் முடிப்பதும் பழைய வழக்கம். பிள்ளை நோயுடன் பிறந்தால், “எந்தக் குடியில் குறை?” என்ற பேச்சு எழுவது எளிது. பழி தாயின் தலையிலேயே விழும். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் யார் செய்த பாவம் என்றுதானே கேட்டார்கள்? ஆண்டவர் எவரையும் குற்றவாளியாக்கவில்லை.

விஞ்ஞானமும் அதையே சொல்கிறது. தாய், தந்தை இருவரும் சுகதேகிகளாய் இருந்துகொண்டே குறையுள்ள அலகை ஒவ்வொன்றாகச் சுமக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கிலொரு வாய்ப்பு. பாவம் இல்லை, ஆனால் கடமை உண்டு. சம்பந்தம் பேசுமுன் இரத்தத்தைப் பரிசோதிப்பது கடமை. முடிவை மறைப்பது அநீதி. இருவருள் ஒருவர் மட்டுமே சுமந்தால் பிள்ளைக்குக் கடும் நோய் வராது. ஆகவே பரிசோதனை, ஒரு பெண்ணை ஒதுக்கிவைக்கும் ஆயுதமாகிவிடக் கூடாது.

அந்த நாக விரலின் பிடியை நோயாளியின் சொந்தக் குருதிக் கலங்களில் தளர்த்தி, உறங்கும் ஈமோகுளோபினை எழுப்பும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி அளித்தது. நோயாளியை மட்டும் குணமாக்கும் இத்தகைய முயற்சி கொள்கையளவில் ஏற்புடையது என்றும், பிறவாத தலைமுறைகளை மாற்றுவது இன்றைய நிலையில் ஏற்புடையதல்ல என்றும் 2008இல் திருச்சபை போதித்தது. ஆனால் அமெரிக்காவில் அச்சிகிச்சைக்குக் குறிக்கப்பட்ட விலை 22 இலட்சம் டொலர்! ஏழையின் பிள்ளைக்கு எட்டாத மருந்து, நீதியின் முன் இன்னும் பாதி மருந்துதான்.

அதுவரை நம்மால் இயன்றது இரத்ததானம். பைக்குள் இருக்கும் இரத்தத்திற்குக் குடியுமில்லை, மதமுமில்லை. ஒரு தாயை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டுவதிலும், ஊசிக்குக் கையை நீட்டுவதே கிறிஸ்தவனுக்கு அழகு.