தலையெழுத்தும் உயிரணுவின் எழுத்தும்

"எல்லாம் தலையெழுத்து" என்பது நம்மவர் வாயில் எளிதில் வரும் சொல். ஒரு வீட்டிற் பிறந்த குழந்தை நாளுக்கு நாள் வெளிறி, சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் குருதியைப் பெற்றே உயிர் தாங்க வேண்டுமெனின், அண்டை அயலார் அச்சொல்லையே ஆறுதலாகக் கூறுவர். சிலர் ஒருபடி மேற்சென்று, அது தாய் செய்த பாவம் என்பர். இக்கூற்று அறிவுக்கும் அறத்திற்கும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

எழுத்து என ஒன்று உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. நம் உடலின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் பேரேடு இருக்கிறது. புரதங்களை ஆக்கும் குறிப்புகளாக அதில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. கண்ணின் அணுவிலும் ஈரலின் அணுவிலும் உள்ளது ஒரே பேரேடுதான். அங்ஙனமாயின் கண் காண்பதும் ஈரல் பித்தநீர் சுரப்பதும் எவ்வாறு? எல்லா அணுக்களும் எல்லாப் பக்கங்களையும் படிப்பதில்லை என்பதே விடை. தோட்டத்து ஆபீஸில் ஏடுகள் பல ஒரே அலமாரியில் இருப்பினும், சம்பள நாளில் கிராணி செக்ரோலைத்தான் விரிப்பார். பால் நிறுக்கும் வேளையில் விரிப்பது வேறோர் ஏடு. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடுவது என்று டி.என்.ஏ.வின் குறித்த இடங்களிற் பற்றி நின்று ஆணையிடும் புரதங்களே 'படியெடுப்புக் காரணிகள்' எனப்படும். மனிதரிடத்து இவை ஏறத்தாழ 1,600 வகை.

இவற்றின் வன்மை சிறிதன்று. 2006-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா, இத்தகைய காரணிகள் நான்கை மட்டும் செலுத்தி, எலியின் தோலணுவை எவ்வகை அணுவாகவும் வளரவல்ல இளநிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். 'பி53' என்பது மற்றொரு காரணி. டி.என்.ஏ. சிதைவுற்றால் அணு பிளவுபடுவதைத் தடுத்து, சிதைவைச் சீர்செய்யவோ அணு மடியவோ ஆணையிடுவது அது. மனிதரின் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அந்தக் காவலனின் மரபணுவே பழுதுபட்டிருக்கக் காண்கிறோம்.

இனி அந்த வெளிறிய குழந்தையிடம் வருவோம். அதன் நோய் பீட்டா தலசீமியா. கருவில் இருக்கும்போது குழந்தையின் குருதியில் ஒருவகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அதற்குரிய பக்கம் மூடப்பட்டு, பெரியோர்க்குரிய பக்கம் திறக்கும். மூடுவதில் முதன்மையானது 'பிசிஎல்11ஏ' என்னும் காரணி. தலசீமியாக் குழந்தைக்கோ பெரியோர்க்குரிய பக்கம் பழுதானது. அஃதறியாத காரணி பழைய பக்கத்தை வழக்கம்போல் மூடிவிடுகிறது. அது தீயதன்று; தன் கடமையையே செய்கிறது. நல்ல பக்கம் ஒன்று உள்ளேயே இருந்தும், மூடிக்கிடப்பதால் குழந்தை வாடுகிறது!

அறிஞர் என் செய்தனர்? பழுதான எழுத்தைத் திருத்தவில்லை. நோயாளியின் குருதி ஆக்கும் மூல அணுக்களை வெளியே எடுத்து, செவ்வணு மரபில் மட்டும் அக்காரணியை இயக்கும் விசையைச் சிதைத்து, மீண்டும் உடலிற் செலுத்தினர். மூடிய பக்கம் திறந்தது. பிறர் குருதி வேண்டாத நிலையைப் பலர் எய்தினர். இம்முறைக்கு 2023-இல் பிரிட்டனும், 2024 சனவரியில் தலசீமியாவிற்கென அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன.

எழுதப்பட்டது ஒன்று, அது படிக்கப்படும் முறை வேறொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே "தலையெழுத்து" என்பாரின் பிழை. எனினும், மனம் வைத்தால் எந்த எழுத்தும் மாறும் என்பதும் பொய்யே. அப்படிக் கூறின், மாறாத நோயுடையவனை முயலாதவன் எனத் தூற்ற நேரும். விதி என்பார் குழந்தையைக் கைவிடுகின்றனர். மனவுறுதி ஒன்றே போதும் என்பார் அதன்மேற் பழி சுமத்துகின்றனர். இரு சாராரும் தம் கடமையினின்று தப்புகின்றனர்.

தாயின் பாவம் என்பதும் நில்லாது. இந்நோய் பொதுவாகத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தாலன்றிக் கடுமையாவதில்லை. இருவரும் நலமாகவே வாழ்ந்திருப்பர். ஆயினும் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பாதியை ஈந்த தந்தையை விடுத்துத் தாயை மட்டும் தூற்றுவது எந்த நீதி?

புதிய சிகிச்சைக்கு அமெரிக்காவில் குறித்த விலை ஏறத்தாழ 22 இலட்சம் டாலர். பால்வெட்டி வாழ்வோர்க்கு அது எட்டாக்கனி. இதுவும் தலையெழுத்தாமோ? அன்று, விலையை எழுதியது மனிதன் கை, ஆதலின் அதை மாற்றுவதும் மனிதன் கடனே. அதுவரை நம்மால் ஆவன உண்டு: மணம் பேசுமுன் இருவரும் நாணமின்றிக் குருதிச் சோதனை செய்துகொள்ளலாம்; உடல்நலம் உடையோர் குருதி ஈயலாம்; நொந்த தாயின் முன் "பாவம்" என்னும் சொல்லை நாவடக்கலாம். இவற்றுள் எதற்கும் விதியின் இசைவு வேண்டுவதில்லை.