நுகத்தின் இரு பக்கம்

'ஜொயின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் 'சேர்' என்று பொருள் சொல்லிவிட்டு வகுப்பில் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அச்சொல்லின் பிறப்பைத் தேடினால் ஒரு வயலும் இரண்டு மாடுகளும் கண்முன் வரும்.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அதன் மூலம் 'யுங்கரே' என்னும் லத்தீன் வினை. சேர்த்தல், நுகத்தில் பூட்டுதல் என்பன அதன் பொருள்கள். நுகத்தைக் குறிக்கும் ஆங்கில 'யோக்', ஸமஸ்கிருத 'யோகம்', தாம்பத்தியத்தைக் குறிக்கும் 'கொன்ஜுகல்' யாவும் ஒரே வேரின் கிளைகள். நுகத்தில் பூட்டிய சோடியைக் கிரேக்கர் 'ஸெயுகொஸ்' என்றனர். அதுவே சிரியாக் மொழியினூடாக அரபியில் 'ஸவ்ஜ்' ஆயிற்று என்பர் மொழியியலாளர். அல்குர்ஆனில் பிறமொழி மூலமுடைய சொற்கள் உண்டா என்பது அறிஞரிடையே பழைய விவாதம். இமாம் ஸுயூத்தி (மறைவு 1505) அத்தகைய சொற்களைத் தொகுத்து ஒரு நூலே செய்தார். எவ்வாறாயினும், அல்குர்ஆனில் கணவனுக்கும் மனைவிக்கும் 'ஸவ்ஜ்' என்ற ஒரே சொல்தான். 30:21ஆம் வசனம் அதன் பன்மையைச் சொல்லி, அன்பையும் இரக்கத்தையும் உடன் வைக்கிறது.

ஆனால் அதே வேரில் 'சப்ஜுகேட்' என்ற சொல்லும் முளைத்தது. நுகத்தின் கீழ் கொண்டுவருதல், அதாவது அடிமைப்படுத்துதல். கி.மு. 321இல் கௌடியக் கணவாயில் சரணடைந்த உரோமப் படையை, ஈட்டிகளால் கட்டிய நுகத்தின் கீழ் குனிந்து போகச் செய்தனர் சாம்னியர்.

அப்படியாயின், இணைதல் எப்போது கூட்டு, எப்போது அடிமைத்தனம்? பாரம் இரு கழுத்திலும் இருந்தால் கூட்டு என்று சொல்லிவிடலாம். அது போதாது. உழவு மாடுகளும் பாரத்தைப் பகிர்கின்றன. ஆயினும் அவற்றிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதரிடம் கேட்க வேண்டும். நிகாஹ் ஓர் ஒப்பந்தம் என்பதன் அர்த்தம் இதுதான்.

நமது நாட்டில் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, மணமகன், வலீ, நிகாஹ்வை நடத்தியவர் ஆகியோர் கையொப்பமிட அதில் இடம் இருந்தது. மணமகளுக்கு இடம் வைக்கப்படவில்லை. "அவளிடம் வாயால் கேட்டாயிற்று, வலீ ஒப்பமிட்டாயிற்று, அது போதாதா?" என்போர் நம்மிடையே உளர்.

வாய்ச்சொல் போதுமென்றால், மணமகனிடம் மட்டும் ஏன் பேனாவை நீட்டினோம்?