பலகையில் எழுதிய பெயர்கள்



வாத்தியார் வெளியே போனதும் வகுப்பு லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போடுவான். கீழே பெயர்கள். மறுபடி வாயைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. லீடரின் கூட்டாளி பெயர் மட்டும் அதில் வரவே வராது! இன்றைய நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட ஒரு பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்தியவர்களும் அப்படித்தான். கூட இருந்த ஆண் எங்கே? இயேசுவோ குனிந்து தரையில் விரலால் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று யோவான் சொல்லவில்லை. காற்றடித்தால் போய்விடும் எழுத்து அது.

மண்ணில் விரலால் எழுதித்தான் நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ‘அ’ பழகினார்கள். அதைக் கண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் குரு. 1789-இல் எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் ஆதரவற்றோர் இல்லத்துக்குப் பொறுப்பேற்றவர். இதையே இங்கும் செய்யுங்கள் என்றார், ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயது ஜான் பிரிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்தார். படைவீரனின் மகன் அவன். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டான். 1797-இல் பெல் அதை லண்டனில் நூலாக்க, பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ‘மதராஸ் முறை’ இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் நுழைந்தது.

ஆனால் எல்லாப் பிள்ளையும் அந்தத் திண்ணையில் ஏற முடிந்ததா? சேரிப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பொதுப் பள்ளியும் கரும்பலகையும் வந்த பிறகுதான், கடைசி வரிசையில் உட்கார வைத்தாலும் அதே எழுத்து அவன் கண்ணிலும் பட்டது. அந்தப் பலகைகூட இல்லாத தொடக்கப் பள்ளிகள் நாட்டில் இருந்ததால்தான் 1987-இல் ‘கரும்பலகைத் திட்டம்’ வந்தது. பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கரும்பலகை. அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தியின் நினைவிடத்தைத் தாண்டித்தான் உங்களில் பலர் கம்பெனி பஸ்ஸில் போகிறீர்கள்.

இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கம்பெனிகளிலும் பலகை உண்டு: இன்றைய டார்கெட், எடுத்த எண்ணிக்கை, ரிஜெக்ட். அதைப் படிக்க உங்களுக்கு நன்றாகத் தெரியும். பே ஸ்லிப்பைப் படிக்கத் தெரியுமா?

திருப்பலி முடிந்ததும் மறைக்கல்வி அறையில் பலகை காலியாக இருக்கும். ஹாஸ்டல் பிள்ளைகள் பே ஸ்லிப்போடு வாருங்கள். பி.எஃப்.புக்கு 12 சதவீதம் எதிலிருந்து பிடிக்கிறார்கள், ஓ.டி. எப்படிச் சேர்கிறது என்று தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு எழுதிக் காட்டட்டும். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் தூங்கி எழுந்து மாலையில் வந்தால் போதும்.