நெற்றிக்கண்ணுக்கு எதிரே

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்தில், மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடி உயரச் சிவன் சிலை எழுந்திருக்கிறது. எதிரே நக்கீரர், ஆள் உயரத்தைவிடச் சற்றே கூடுதலாக. ஊர்ப் பெயரே கீரனிடமிருந்து வந்தது என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. மல்லிகையும் முல்லையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பூச்சந்தை உள்ள ஊர் இது. பெண்ணின் கூந்தல் மணம் இயற்கையா, சூடிய பூவால் வந்ததா என்று இறைவனோடு வாதாடிய புலவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

கதை எல்லோருக்கும் தெரியும். சங்கத்துக்குப் புலவராக வந்திருப்பவர் சிவனே என்று புரிந்த பிறகும், நெற்றிக்கண்ணின் சூடு உடம்பில் ஏறிய பிறகும், அவர் பாட்டில் பிழை உண்டு என்ற தீர்ப்பை நக்கீரர் மாற்றவில்லை. உடம்பையே எரித்துவிட வல்லவன் முன்னால் நிற்கும்போது, மனிதனிடம் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள எது மிஞ்சுகிறது? சிலையைப் பார்க்கிறவர் மனத்தில் எழவேண்டிய கேள்வி இது.

1965ஆம் ஆண்டு 'திருவிளையாடல்' படம் வெளிவந்து, ஏ.பி. நாகராஜன் நக்கீரராகத் தமிழ்நாட்டுத் திரைகளில் முழங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, வட வியட்நாமின் வானத்தில் ஓர் அமெரிக்கக் கடற்படை விமானி இதே கேள்விக்குள் விழுந்தார். பெயர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல். ஒரிஸ்கனி என்ற விமானம்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய அவருடைய ஸ்கைஹாக் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோதே, இயந்திரங்களின் உலகத்தை விட்டு எபிக்டெட்டஸின் உலகத்துக்குள் போகிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டதாகப் பிற்பாடு அவர் எழுதினார்.

எபிக்டெட்டஸ் ரோமாபுரியில் அடிமையாக வாழ்ந்து, விடுதலை பெற்று, ஆசிரியரானவர். கால் ஊனமுற்றவர். சொத்து, உடம்பு, பதவி, புகழ் எதுவும் நம் கையில் இல்லை. நம் தீர்மானமும் விருப்பமும் மட்டுமே நம்முடையவை என்பது அவர் போதனை. கடற்படை ஸ்டாக்டேலை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியிருந்தபோது, பிலிப் ரைன்லேண்டர் என்ற தத்துவப் பேராசிரியர் அந்த ஞானியின் சிறு கையேட்டை அவரிடம் கொடுத்தார். போர் விமானிக்கு இது எதற்கு என்று முதலில் அவருக்குப் புரியவில்லை.

ஹனோயின் ஹுவா லோ சிறையில் புரிந்தது. ஏழரை ஆண்டுச் சிறைவாசம். அதில் நான்கு ஆண்டு தனிமை, இரண்டு ஆண்டு காலில் விலங்கு. பிடிபட்ட அன்றே அடிபட்டு முறிந்த கால் கடைசிவரை நேராகவில்லை. பிரச்சாரப் படத்துக்கு அவரைக் காட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், சவரக்கத்தியால் தன் தலையைக் கிழித்துக்கொண்டார். முக்காலியால் முகத்தில் அடித்து வீங்கவைத்துக்கொண்டார். படம் எடுக்க முடியவில்லை.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் குண்டு போட வந்தவர். கீழே இருந்தவர்கள் வயலும் வீடும் உள்ள மனிதர்கள். இன்னொன்றும் உண்டு. 1964 ஆகஸ்ட் 4 இரவு டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை எதிரிப் படகுகள் தாக்கியதாகச் சொல்லித்தான் அமெரிக்கா போரைப் பெரிதாக்கியது. அன்றிரவு அந்தக் கடலுக்கு மேலே பறந்தவர் ஸ்டாக்டேல். ஒரு படகையும் அவர் பார்க்கவில்லை. ஆனாலும் மறுநாள் பதிலடித் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிப் போனார். இந்த ரகசியம் வாயிலிருந்து வந்துவிடுமோ என்ற அச்சம் சிறையில் அவரை வாட்டியது. மனைவி சிபிலோடு சேர்ந்து எழுதிய நூலில் அதை உலகறியச் சொன்னபோது ஆண்டு 1984. சபையில் சொல்லியிருக்க வேண்டிய உண்மையைச் சொல்லாமல் விட்ட இடத்தில் அவர் நக்கீரர் அல்ல.

சித்திரவதையில் அவர் உடைந்தும் போனார். கயிற்றால் கைகளை முறுக்கிக் கட்டினால் எந்த மனிதனும் சில நிமிடங்களில் பேசிவிடுவான் என்று அவரே ஒளிக்காமல் எழுதினார். மனம் முழுக்க நம் வசம் என்ற எபிக்டெட்டஸின் வாக்கு அங்கே தடுமாறுகிறது. தடுமாறியவர்களை எழுப்பியது சுவர். ஐந்து வரிசை, ஐந்து நிரல் என எழுத்துகளைக் கட்டங்களில் வைத்து, தட்டும் எண்ணிக்கையால் கைதிகள் பேசிக்கொண்டார்கள். பேசிவிட்டோமே என்று கூனிக்குறுகித் திரும்பியவனுக்குப் பக்கத்து அறையிலிருந்து தட்டல் வரும். கைதிகளுக்காக ஸ்டாக்டேல் வகுத்த விதிகளின் கடைசி வரி, தன்னைவிட ஒற்றுமையே பெரிது என்பது. நக்கீரர் கதையிலும் வெந்த உடம்போடு பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவர் தானாகக் கரையேறவில்லை. இன்னொரு கை தூக்கிவிட வேண்டியிருந்தது.

1992இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராகத் தொலைக்காட்சி விவாதத்தில் நின்ற ஸ்டாக்டேல், நான் யார், ஏன் இங்கே இருக்கிறேன் என்ற கேள்விகளோடு பேச்சைத் தொடங்கினார். நாடே சிரித்தது. ரமணரின் 'நான் யார்?' பிறந்த மண்ணில் அந்தக் கேள்விக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். கடைசிக் காலத்தில் அல்சைமர் நோய் அவரைப் பிடித்தது. 2005 ஜூலை 5ஆம் தேதி காலமானார். எந்தச் சிறையும் முழுதாகப் பறிக்க முடியாத மனத்தை நோய் பறித்துக்கொண்டது.

எபிக்டெட்டஸிடம் இதற்கு விடை தேடுவது கடினம். சைவ சித்தாந்தத்தில் ஒரு விடை இருக்கிறது. தனு, கரணம், புவனம், போகம் நான்கும் உயிருக்குக் கொடுக்கப்பட்டவை என்கிறது அது. உடம்பைப் போலவே மனமும் புத்தியும் கருவிகள்தான், உயிர் அல்ல. கொடுத்தவை ஒருநாள் திரும்பப் போகும். அப்படியானால் மனம் என்னுடையதா என்ற கேள்வியைவிட, அது கையில் இருந்த நாளில் அதைக்கொண்டு என்ன செய்தேன் என்பதே கனமான கேள்வி.

ஆகவே ஸ்டாக்டேலின் வாழ்க்கையில் ஹனோயைவிடச் சார்ல்ஸ்டன் பெரிது. 1973இல் விடுதலையாகி, அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது பெற்று, கடற்படைப் போர்க் கல்லூரியின் தலைவரானார். அங்கே அறக்கடமை பற்றிய தத்துவப் பாடம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். 1979இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து ராணுவக் கல்லூரியான சிட்டாடலுக்குத் தலைவராகப் போனார். முதலாண்டு மாணவர்களை மூத்தவர்கள் வதைக்கும் வழக்கம் அங்கே மரபாக வேரூன்றியிருந்தது. சித்திரவதை என்றால் என்ன என்று தெரிந்தவர் அதைச் சீர்திருத்தப் பார்த்தார். நிர்வாகக் குழு ஒத்துழைக்கவில்லை. 1980இல் பதவியைத் துறந்தார். சிறையில் வெளியேறும் வாசல் கிடையாது. இங்கே வாசல் திறந்தே இருந்தது. உள்ளே இருந்துகொண்டு வாய்மூடியிருந்தால் சம்பளமும் மரியாதையும் நிலைத்திருக்கும். டோங்கினில் தவறவிட்டதை அவர் செய்தது இங்கேதான்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தையே அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் 1997இல் தமிழ்நாட்டில் வந்தது அந்தச் சாவுக்குப் பிறகுதான்.

நக்கீரரும் ஒரு நிறுவனத்தின் தலைவர்தான். சங்கத்தின் தலைமைப் புலவர். அந்தப் பாட்டுக்கு அரசன் பொற்கிழியைக் கொடுக்கச் சித்தமாக நின்றபோது, எல்லோரும் தலையாட்டியபோது, எழுந்து தடுத்தார். கல்லூரி முதல்வர்களும் துணைவேந்தர்களும் அறந்தாங்கிப் பக்கம் போக நேர்ந்தால் கீரமங்கலத்தில் இறங்குங்கள். 81 அடிச் சிலையைப் பார்த்த பிறகு, நக்கீரர் பக்கத்திலும் சற்று நேரம் நில்லுங்கள்.