யார் வீட்டுப் பிள்ளை?

ஒரு பனியன் உருவாக எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நூற்பாலையிலே நூலாகி, பின்னற்பொறியிலே துணியாகி, சாயப்பட்டறையிலே நிறமேறி, வெட்டுமேசையிலே துண்டாகி, பவர் டேபிளிலே உருப்பெற்று, பிசிர் நீக்கி, தேய்த்து, மடித்து, பெட்டிக்குள் அடங்கிக் கடல் கடக்கிறது திருப்பூர்ச் சரக்கு. கூடங்கள் பல, முதலாளிகள் பலர். எந்தக் கூடத்திலே ஓர் இழை பிசகினாலும் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். எந்தக் கூடத்திலே ஒரு சிறுமியின் பள்ளிப் படிப்பு அறுந்தது என்று கேட்டால் மட்டும், ஒவ்வொரு கூடமும் அடுத்த கூடத்தைக் காட்டுகிறது!

வறுமையிலே பிறந்த குழந்தைக்குப் பொறுப்பாளி யார்? முற்பிறவி வினை என்று ஒரு கூட்டம் காலமெல்லாம் கதை அளந்தது. அந்த மடமையைத் தோலுரித்துக் காட்ட எத்தனை மேடைகள், எத்தனை ஏடுகள்! ஓய்ந்தது என்றிருந்தோம். இல்லை; உடை மாற்றிக்கொண்டு வருகிறது அதே வாதம். “தகப்பன் குடிகாரன், தாய் ஏமாளி, ஊரா பொறுப்பு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். முன்னது பழியை முற்பிறவியின் தலையில் போட்டது; பின்னது பெற்றவன் தலையில் போடுகிறது. இரண்டிலும் நம் தலை தப்பிவிடுகிறது, அல்லவா!

திருப்பூரின் பனியன் தொழில் 1980-களுக்குப் பின் ஏற்றுமதிச் சிறகு முளைத்துப் பறந்தது. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை வெளிநாடு செல்கிறது. அந்த வளர்ச்சியின் தொடக்க காலத்தில் தையற்காரருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்த ‘கைமடி’ வேலைக்கு, ஏடெடுக்க வேண்டிய இளங்கரங்களே ஏராளமாக வந்தன. ஒன்றரை ஷிப்டு என்பது இந்நகரின் வழக்கு; பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது செல்லப் பெயர். பெரியவரே தளரும் அந்த நேரத்தைப் பிள்ளைகளும் நின்று கழித்தனர்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கிலே உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புரைத்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் தரவேண்டும். அக்குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்யவேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும். அந்தத் தீர்ப்பின் உட்பொருளை உற்று நோக்குங்கள். பிள்ளை உழைப்பது பெற்றவரின் பேராசையால் அன்று, பெற்றவருக்கு வேலையோ போதிய கூலியோ இல்லாமையால் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. பிள்ளை குறைந்த கூலிக்குக் கிடைக்கும்வரை பெரியவர் கூலி உயர்வதேது? “வேலைக்குப் போகாவிட்டால் குடும்பம் பட்டினி” என்று உருகுவோர், அந்தப் பட்டினியை விளைவிப்பதிலே பிள்ளையுழைப்புக்கும் பங்குண்டு என்பதை மறந்து பேசுகிறார்கள்.

2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, பதினான்கு வயது நிரம்பாதோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றாயிற்று. மகிழ்ந்தோம், அடுத்த வரியைப் படித்துத் திடுக்கிட்டோம். பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலிலே பிள்ளை உதவலாமாம்! 1953-இல் ஆச்சாரியார் அரைநாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்றார். தமிழகம் கொதித்தெழ, 1954-இல் அத்திட்டம் மடிந்தது. மாலையிலே வீட்டுத் திண்ணைக்கு வந்திறங்கும் துணி மூட்டையில் பிசிர் வெட்டும் பிள்ளை செய்வது குடும்பத் தொழிலா, கூலித் தொழிலா? அந்த மூட்டையின் முதலாளி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்?

இன்னொரு கொடுமைக்கு மங்கலப் பெயரே சூட்டினார்கள். நூற்பாலைகளில் வளரிளம் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து, முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாட்டுக்குப் பெயர் ‘சுமங்கலித் திட்டம்’! வரதட்சணை என்னும் நோயை ஒழிக்கப் பாடுபட்ட மண்ணில், அந்த நோயையே தூண்டிலாக்கினர். மூன்றாண்டு முடியுமுன் நோயுற்று வெளியேறிய பெண்கள் பலர் அத்தொகையை இழந்தனர். அவர்கள் பெரும்பாலும் திருப்பூரில் பிறந்தவர்கள் அல்லர். தென்மாவட்டத்து வானம் பார்த்த பூமியின் பிள்ளைகள்.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. வறுமை ஒரு மாவட்டத்தில் பிறக்கிறது. உழைப்பு வேறொரு மாவட்டத்தில் உறிஞ்சப்படுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் குடும்பங்களை எண்ணினால் மாநில எல்லையும் தாண்டுகிறது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் மாவட்ட ஆட்சியரின் தலைமையிலே இயங்கியது. 2021-இல் பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அது நல்ல பணி செய்தது என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் ஆட்சியரின் அதிகாரம் மாவட்ட எல்லைக்கல்லோடு நின்றுவிடும். பசி அங்கே நிற்பதில்லை.

வட்டாரம் ஒன்றுகூடித் திட்டமிடுவது ஆகாத காரியமா? திருப்பூரே விடை சொல்கிறது. சாயத்துக்கும் குடிக்கவும் நீரில்லாமல் தவித்தபோது, அரசும் ஏற்றுமதியாளரும் நிதி நிறுவனங்களும் கைகோத்து 1995-இல் ஒரு வளர்ச்சிக் கழகம் கண்டனர். பவானி ஆற்று நீர் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் என்ற அளவுக்குத் திட்டம் தீட்டிக் குழாய் பதித்தனர். பிறகு நொய்யல் நாறியது. ஒவ்வொரு பட்டறையும் “என் கழிவு கொஞ்சந்தானே” என்றது. கொஞ்சங்கள் சேர்ந்து ஒரத்துப்பாளையம் அணையை நிரப்பின. 2011 சனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை முறையாக இயக்க வழி பிறந்தது. தனித்தனியே மறுத்த பொறுப்பைக் கூட்டாக ஏற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? நீருக்குக் கூடியவர்கள், நிறத்துக்குக் கூடியவர்கள், பிள்ளைகளுக்காகக் கூடினால் சரக்கு கெட்டுவிடுமா?

அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் மாவட்டத் திட்டக்குழுவுக்கு இடம் வகுத்தது. சாலைக்கும் சாக்கடைக்கும் மட்டுமா திட்டம்? வார்டுதோறும், பள்ளி வயதிலுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், எந்த மொழி பேசுவோர், எந்த ஊரிலிருந்து வந்தோர் என்ற ஏடு வேண்டும். பிள்ளை புறப்பட்ட மாவட்டமும் சேர்ந்த மாவட்டமும் அந்த ஏட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். குழந்தைக் காப்பகம் தாயின் ஷிப்டு முடியும்வரை திறந்திருக்க வேண்டும். மாலையிலே மூடிவிட்டால், அக்காள் பள்ளியை விட்டுத் தம்பியைச் சுமக்கிறாள். அதற்காகும் செலவை ஏற்றுமதியாகும் சரக்கின் மீது ஒரு சிறு பங்காக வைக்கலாம். வாங்குகிற வெளிநாட்டு வணிகரும் அதில் பங்கேற்கட்டும். கூட்டுப் பொறுப்பு என்ற பெயரில் குழு அமைத்துத் தேநீர் பருகிக் கலையும் கலையிலும் நாம் வல்லவர்களே. ஆதலால் குழுவிலே ஆலைத் தொழிலாளப் பெண்கள் அமரவேண்டும், கணக்கு ஊரார் முன் படிக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் தொடங்கிவைத்த உணவு, 1956-இல் காமராசர் கையால் பரவி, 1982-இல் சத்துணவாய் விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் வளர்ந்தது. பெற்றவன் யாரென்று கேளாமல் தட்டு நீட்டிய நாடு இது. அந்தத் தட்டு பள்ளிக்குள் வந்த பிள்ளைக்குத்தான் கிடைக்கிறது. கல்வியாண்டின் நடுவே, கார்த்திகை மழையில் வடக்கேயிருந்து வந்த ரயிலை விட்டு இறங்கி, தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு வாடகை அறைக்கு நடக்கும் ஆறு வயதுப் பெண், நாளைக் காலை எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கப்போகிறாள்?