மின்பாதையும் முறைமையும்

பலருடைய நன்மைக்காகச் சிலர் சுமை தாங்குதல் முறையாகுமா என்னும் வினா அறநூலார்க்குப் பழகிய ஒன்று. அதனை மன்னர் காலத்துக் கதைகளைக் கொண்டே நாம் வகுப்பில் விளக்கி வருகிறோம். காம்பார் வட்டாரத்தில் வாழ்வோர்க்கு அதைவிட அண்மையான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தோட்டங்களின் மீதும் குடியிருப்புகளின் ஓரமாகவும் செல்லும் உயர் அழுத்த மின்பாதையே அது. நாட்டுப்புறத்துக்குத் தடையற்ற மின்சாரம் வேண்டுமாயின் புதிய பாதைகள் வேண்டும். பாதை, யாருடைய நிலத்தின் மீதாவது சென்றே ஆக வேண்டும். யாருடைய நிலம், யாருடைய விளக்கு என்னும் இரண்டையும் சேர்த்துக் கேட்போர் குறைவு.

இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலில் ஈயத்தைத் தேடித்தான் வந்தது. 1894இல் ரவாங்கில் லோக் இயூவும், பத்துமலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையும் தம் சுரங்கத்தில் மின்னாக்கியை அமைத்தனர். பின்னர் 1926இல் தோன்றிய பேரா ஆற்று நீர்மின் நிறுவனம், நம் காம்பாருக்கு அண்மையில் மாலிம் நாவாரில் ஓர் அனல்மின் நிலையத்தையும், 1930இல் பேரா ஆற்றின் குறுக்கே செண்டரோவில் நீர்மின் நிலையத்தையும் இயக்கத் தொடங்கியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்கப்பல்களுக்கும் நீரேற்று எந்திரங்களுக்கும் அம்மின்சாரம் இரவுபகலாகப் பாய்ந்தது. சற்றுத் தொலைவில் பால்மரக் காட்டினுள் இருந்த லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாயிற்று. 1990இல் அப்பொறுப்பு தெனாகா நேஷனலுக்கு வந்தது. விடுதலைக்குப் பின் சிற்றூர்கள் பலவற்றுக்கு விளக்கு வந்தது மெய்யே. ஆயினும் தோட்டம் தனியார் நிலம் என்பதனால், அரசின் நாட்டுப்புற மின்வசதித் திட்டங்கள் பெரும்பாலும் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றன. உள்ளே நிருவாகம் வைத்திருந்த மின்னாக்கிதான் கதி. மாலை ஆறு மணிக்கு உயிர்பெற்று இரவு பத்துக்கு அடங்கும் அவ்வெந்திரத்தின் ஓசையைக் கொண்டே படிக்கும் நேரத்தை அளந்த தலைமுறை எங்களுடையது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்நீரும் மின்சாரமும் வழங்குதல் முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தபோது, தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன.

தலைக்குமேல் கம்பி செல்லும்போது கீழே விளக்கு ஏன் இல்லை என்று மாணவர் கேட்பதுண்டு. இதற்குப் பொறியியல் தரும் விடை நேர்மையானது. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே ஆற்றலைக் கடத்தும் கம்பியில் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும். வெப்பமாக வீணாவது நூற்றில் ஒன்றாகும். ஆகவேதான் தொலைதூரப் பாதைகள் 132,000, 275,000 வோல்ட்டு என உயர்ந்து நிற்கின்றன. அவற்றிலிருந்து நம் வீட்டு 230 வோல்ட்டுக்கு இறங்கத் துணைமின் நிலையமும், 11,000 வோல்ட்டுக் கிளைப்பாதையும், மின்மாற்றியும் வேண்டும். பெருங்கம்பியில் ஒரு வீட்டுக்கென்று கிளை எடுத்தல் இயலாது. வள்ளுவர் ஒப்புரவுக்கு உவமையாகக் காட்டிய ஊருணி வேறு வகை; அதன் கரையில் நிற்பவன் குனிந்து அள்ளிக்கொள்ளலாம்.

எனினும் இவ்விடை ஒரு வினாவுக்கே விடையாகும். இந்தக் கம்பியிலிருந்து ஏன் தர இயலாது என்பதை அது தெளிவாக்குகிறது. கோபுரம் நட வந்த அதே திட்டத்தில், கோபுரத்தின் காலடியில் உள்ள குடியிருப்புக்கு ஒரு மின்மாற்றி ஏன் இடம்பெறவில்லை என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. பின்னது பணத்தையும் மனத்தையும் பற்றியது. இயற்பியலைக் கேடயமாக்கி அறவினாவைத் தட்டிக் கழிப்பதை நான் பல கூட்டங்களில் கண்டிருக்கிறேன். அறிவியல் ஆசிரியர்களும் இதில் விதிவிலக்கல்லர்!

சுமையின் கணக்கையும் பார்ப்போம். 275,000 வோல்ட்டுப் பாதைக்கு ஏறத்தாழ 40 மீட்டர் அகலத்தில் இடம் ஒழிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அது 4 எக்டர், ஏறக்குறைய 10 ஏக்கர். அங்கே பால்மரம் வளரலாகாது. செம்பனையும் உயரக் கூடாது. தாழ்ந்த பயிர்களுக்கே இடம். நிலத்துக்கு உரியவர் இழப்பீடு பெறுகிறார். அதற்குச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த மரங்களை நிரையாகப் பெற்று நாள்தோறும் சீவி வந்தவருக்கு நிலத்தில் உரிமை ஏது? பட்டா இல்லாதவரின் இழப்பு கணக்கேட்டில் ஏறுவதேயில்லை. இதனை இழப்பு அன்று என்று எந்த அறநூல் கூறும்?

உரிமை உடையோருக்கும் குறை உண்டு என்பதைத் தமிழகம் காட்டியது. சத்தீசுகரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டப் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டு நேர்மின் பாதை அமைக்கப்பட்டபோது, 2018 இறுதியில் கொங்கு நாட்டு உழவர் திரண்டு போராடினர். சாலையோரமாக நிலத்தடியில் கொண்டுசெல்லுங்கள் என்பதே அவர்தம் வேண்டுகோள். புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் பாதையில் கேரளத்துப் பகுதி ஒன்று அவ்வாறே நிலத்தடிக் கம்பியாக அமைந்ததனை அவர்கள் எடுத்துக்காட்டினர். நிலத்தடிக் கம்பிக்குச் செலவு பன்மடங்கு என்பது அதிகாரிகளின் மறுமொழி. அம்மறுமொழியில் உண்மை உண்டு. ஆனால் ஓரிடத்தில் தாங்கக்கூடிய செலவு மற்றோரிடத்தில் தாங்க முடியாததாகும்போது, அதற்குரிய காரணத்தைச் சொல்லும் கடன் செலவைத் தீர்மானித்தவரையே சாரும்.

இனி, மின்தடை. 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் இருண்டது. அதனை நாடே இன்றும் பேசுகிறது. நீண்ட ஒற்றைக் கிளைப்பாதையின் நுனியில் இருக்கும் சிற்றூரில் மழைக்காலத்தில் ஒரு மரம் சாய்ந்து விளக்கு அணைந்தால் அது செய்தியாவதில்லை. மறுமுனையிலிருந்து வளையமாக இரண்டாம் பாதை அமைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். ஐம்பது வீட்டுக்காக இத்தனை செலவா என்பார்கள். இவ்வினாவை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். அதே பணத்தில் நகரில் ஐயாயிரம் வீடுகள் பயன்பெறக்கூடும்.

ஆனால் எதைக்கொண்டு அளக்கிறோம்? நுகர்வோர் ஒருவருக்கு ஆண்டில் எத்தனை நிமிடம் மின்தடை என்னும் சராசரியே மின்துறையின் அளவுகோல். தீபகற்பத்தில் அண்மை ஆண்டுகளில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பாராட்டுக்குரியதே. நாம் ஆசிரியர், சராசரியின் சூழ்ச்சியை அறிந்தவர். வகுப்பின் சராசரி 70 என்று தலைமையாசிரியர் மகிழும் வேளையில், 20 வாங்கிய பிள்ளை கடைசி வரிசையில் தலைகுனிந்து இருக்கிறது. நகரில் ஒரு நிமிடம் குறைத்தால் சராசரி விரைந்து இறங்கும். நுனி ஊரில் பத்து மணி நேரம் குறைத்தாலும் அது அசையாது. எனவே சராசரியை மட்டும் நம்புவோர், தீய எண்ணம் சிறிதும் இன்றியே, கடைசி வீட்டை என்றும் கடைசியிலேயே வைப்பர்.

புதிய பாதைக்கு வரைபடம் தீட்டுவோர் அருகருகே இரு பட்டியல் எழுதுதல் வேண்டும் என்பது என் கருத்து: பாதையின் கீழ் வாழ்வோர், பட்டா இல்லாதவர் உட்பட; பாதையால் விளக்குப் பெறுவோர். முதற்பட்டியலில் உள்ளவர் இரண்டாவதில் இல்லையெனில் அவருக்குரிய மின்மாற்றியின் செலவு திட்டத்தின் செலவிலேயே சேர வேண்டும். கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கான அறிவிப்பு நாளிதழின் மூலையில் வந்தால் போதாது. தோட்டத்துக் கோயில் வாசலிலும் தமிழ்ப்பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் அது ஒட்டப்படுதல் வேண்டும். வரைபடத்தை மக்களுக்கு வாசித்து விளக்க ஆசிரியர் ஒருவர் அன்று மாலை அங்கே இருத்தலும் நலம்.